சிஎன்சி ஷாப்புல புதுசா சேர்றீங்களா? சீனியர் கையில இருக்கிற வேலைய வாங்குறதும், வாங்கினத அடுத்தவங்களுக்குக் கொடுக்குறதும் எப்படி

ஐடிஐ டர்னர், மெஷினிஸ்ட் முடிச்சோ டிப்ளமோ முடிச்சோ கோயம்புத்தூர் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம், இல்ல அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓசூர்னு எங்கயாவது ஒரு சிஎன்சி டர்னிங் ஷாப்புல (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடுற லேத் இருக்கிற எடம்) புதுசா கால் வைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன். ஜி கோட் எம் கோட் (மெஷினுக்கு குடுக்குற கட்டளைங்க) எல்லாம் எப்படியும் வந்துடும், அதுக்கு புக் இருக்கு வீடியோ இருக்கு. ஆனா அதே ஜாப் (மெஷின்ல கடையுற பீஸ்), அதே ப்ரோகிராம், அதே இன்சர்ட் (டூல்ல மாத்தி மாத்திப் போடுற சின்ன வெட்டு முனை) போட்டும் காலையில ஒரு அளவு வருது, சாப்பாட்டு பிரேக் முடிச்சு வந்து ஓட்டினா வேற அளவு வருதே, அது ஏன்னு எந்த மேனுவல்லயும் உங்க மெஷினுக்குன்னு எழுதிருக்க மாட்டாங்க. அது பக்கத்து மெஷின் அண்ணன் கையில இருக்கு, க்யூசில (தரம் சரிபாக்குற எடம்) இருக்கிற அக்கா கண்ணுல இருக்கு, சில நேரம் போன வருஷம் வேலைய விட்டுப் போனவரோட போயே போச்சு.

அத எப்படி வாங்குறதுன்னுதான் இங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க: யார்கிட்ட போனாலும் வெறும் கேள்வியோட போகாதீங்க, அளந்த அளவையும் உங்களுக்குத் தோணின காரணத்தையும் கையில வச்சுட்டுப் போங்க. மத்த எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

முதல் வாரம்: எது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

அதுக்கும் முன்னாடி பாதுகாப்பு, ஏன்னா கை நல்லா இருந்தாதான் கத்துக்க முடியும். சுத்துற ஸ்பிண்டில் பக்கம் கிளவுஸ் போடக்கூடாது, தொளதொள கை சட்டை, தொங்குற துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எதுவும் கூடாது, கன்வென்ஷனல் லேத்ல சக் கீய சக்குலயே (ஜாப்ப பிடிக்கிற பாகம்) விட்டுட்டு நகரக்கூடாது, சுருள் சுருளா வர்ற சிப்ப (வெட்டி விழுற உலோகச் சீவல்) கையால இழுக்கவே கூடாது, அதுக்கு கொக்கி இருக்கு. ஏர் கன்ன உடம்பு மேல அடிச்சு தூசி தட்டுறது நிறைய ஷாப்புல சாதாரணமா நடக்கும், நீங்க பண்ணாதீங்க. சீனியரே பண்ணாலும் அந்த ஒண்ண மட்டும் கத்துக்காதீங்க.

அப்புறம் பேப்பர். ட்ராயிங், ப்ராசஸ் ஷீட், கன்ட்ரோல் ப்ளான், செட்டப் ஷீட், ஃபர்ஸ்ட் பீஸ் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், ஷிப்ட் லாக் புக், இதெல்லாம் எந்த ஃபைல்ல எந்த அலமாரில இருக்குன்னு பாத்து வச்சுக்கோங்க. சின்ன ஷாப்புல இதுல பாதி இருக்காது, இருக்கிறத முழுசா படிங்க. பழைய ரிஜெக்ஷன் ரிப்போர்ட் கிடைச்சா விடவே விடாதீங்க, ஏன்னா நல்லா ஓடின ஜாப்ப விட சொதப்பின ஜாப்ப பத்திதான் எல்லாரும் விவரமா எழுதி வச்சிருப்பாங்க.

அதுக்கப்புறம் ஆளுங்க. புதுசா வர்றவங்க செட்டர் (மெஷின ஜாப்புக்கு தயார் பண்றவர்) பின்னாடியே சுத்துவாங்க, அது சரிதான், ஆனா மூணு பேர விட்டுடுவாங்க. ஒண்ணு டூல் ஸ்டோர்ல இருக்கிறவர், எந்த மெஷின் எந்த இன்சர்ட்ட எவ்வளவு தின்னுதுன்னு அவருக்கு அத்துப்படி. ரெண்டாவது மெயின்டனன்ஸ்காரர், எந்த மெஷின்ல டரெட் (டூலெல்லாம் மாட்டுற சுத்துற தலை) ஒரு தடவ அடி வாங்கிருக்கு, எதுல ஹைட்ராலிக் பிரஷர் அடிக்கடி இறங்கும்னு அவர்தான் சொல்லுவார். மூணாவது பிசிறு எடுக்குற டேபிள்ல உக்காந்திருக்கிற அக்காங்க. ஒவ்வொரு பீஸும் அவங்க விரல்ல படாம போகாது. "இன்னிக்கு நாலாம் நம்பர் மெஷின் பீஸ்ல பிசிறு கனமா இருக்கு"ன்னு அவங்க சொன்னா இன்சர்ட் முனை போயிட்டு இருக்குன்னு அர்த்தம், அளவுல அது இன்னும் தெரிஞ்சிருக்கவே இருக்காது. அவங்கள போய் கேக்குற ஆபரேட்டர் ரொம்ப கம்மி, எனக்கு இதுல பெரிய வருத்தம் உண்டு.

நோட்டு போடுங்க, பாக்கெட் சைஸ் போதும்

நேரம், ஜாப், அளந்த அளவு, ஆஃப்செட்ல (டூல் நிக்கிற எடத்த சரிபண்ண மெஷின்ல அடிக்கிற நம்பர்) என்ன மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்க. அஞ்சு விஷயம் அவ்ளோதான். நேரம் எழுதுறத மட்டும் விட்டுடாதீங்க. ராத்திரி முழுக்க சும்மா நின்ன மெஷின் காலையில குளிர்ந்து கிடக்கும், ஓட ஓட ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் (டூல நகர்த்துற திருகு) சூடாகி கொஞ்சம் நீளும், அதனால முதல் கொஞ்ச நேரம் அளவு நகந்துட்டே இருக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு நகரும்ங்கறது மெஷினுக்கு மெஷின் மாறும். சீனியர்ங்க காலையில கொஞ்ச நேரம் ஸ்பிண்டில சும்மா ஓட விட்டுட்டு, அப்புறம் வர்ற முதல் சில பீஸ நம்பி பெருசா ஆஃப்செட் மாத்தாம காத்திருக்கிறது இதனாலதான், கேட்டா "அது செட் ஆகட்டும் தம்பி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. நீங்க நேரத்தோட எழுதிட்டு வந்தீங்கன்னா ஒரு வாரத்துலயே உங்க மெஷின் எத்தன மைக்ரான் (ஒரு எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) எந்தப் பக்கம் போகுதுன்னு உங்க நோட்டே சொல்லிடும்.

இன்சர்ட் தேய்மானமும் இப்படித்தான் பிடிபடும். முனை தேயத் தேய வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும், போர் (உள் ஓட்டை) சின்னதாகும். அதுக்காக நீங்க வேர் ஆஃப்செட்ல (தேய்மானத்துக்குன்னு குடுக்குற ஆஃப்செட்) அப்பப்ப குடுத்துட்டே வந்திருப்பீங்க, அப்புறம் இன்சர்ட்ட திருப்பி புது முனை போட்ட உடனே அதே ஆஃப்செட்ல ஓட்டினா முதல் பீஸ் அண்டர் சைஸ் ஆகி ஸ்கிராப்புக்குப் போகும். எவ்வளவு குடுத்தோம்னு நோட்டுல இருந்தா அத திருப்பி எடுத்துட்டு, கொஞ்சம் மெட்டீரியல் விட்டு ஓட்டி, அளந்துட்டு, அப்புறம் ஃபைனல் சைஸுக்குப் போகலாம்.

அளக்கக் கத்துக்கோங்க, இதுதான் நீங்க பேசப் போற பாஷை

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். 30 எம்எம் ஷாஃப்ட், ஹெச் 6 டாலரன்ஸ், அதாவது 30.000ல இருந்து 29.987 வரைக்கும், மொத்தமே 13 மைக்ரான். சக்குல இருந்து இறக்கின பீஸ் ரூம் சூட்ட விட ஒரு 20 டிகிரி அதிகமா இருக்குன்னு வைங்க, ஸ்டீலுக்கு அந்த சூட்டுல 30 எம்எம்ல கிட்டத்தட்ட 7 மைக்ரான் பெருத்திருக்கும், உங்க டாலரன்ஸ்ல பாதி அங்கயே போச்சு. மைக்ரோமீட்டர்ல 30.003 காட்டும், அய்யோ ஓவர் சைஸ்னு ஆஃப்செட் குறைப்பீங்க, ஆனா அந்த பீஸ் ஆறினதுக்கப்புறம் 29.996ன்னு நல்லாதான் இருந்திருக்கும், நீங்க மாத்தினதுல அடுத்து வர்ற பீஸ்ங்கதான் கீழ எல்லைய தொட ஆரம்பிக்கும். அளவுக்கெல்லாம் உலகம் முழுக்க வச்சிருக்கிற அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி, நம்ம ஷாப் மே மாசத்துல எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால ஆற விடுங்க, மாஸ்டர் பீஸ் (அளவு சரியா தெரிஞ்ச பீஸ்) இருந்தா அதையும் ஜாப்பையும் ஒரே மேடைல கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க.

அடுத்தது கை. மைக்ரோமீட்டர்ல ராட்செட் இருக்கிறதே எல்லார் கையும் ஒரே அழுத்தத்துல அளக்கணும்னுதான், அத விட்டுட்டு திம்பிள முறுக்கினா உங்க அளவு உங்களுக்கு மட்டும்தான் சரி. தினமும் சாயங்காலம் ஒரே பீஸ நீங்க ஒரு தடவ அளந்து எழுதிட்டு, க்யூசில அளக்கச் சொல்லி அவங்க அளவ பக்கத்துல எழுதுங்க. வித்தியாசம் வந்தா "நீங்க எப்படிப் பிடிச்சீங்க, ஒரு தடவ காட்டுங்க"ன்னு கேளுங்க. அவங்க கை எப்படி ஜாப்ப லேசா ஆட்டி பெரிய புள்ளிய தேடுதுன்னு பக்கத்துல நின்னு பாத்தாதான் புரியும், வாயால சொல்லி புரிய வைக்கிற விஷயம் இல்ல அது.

கேக்குற விதம்

"அண்ணா, அளவு வரல, என்ன பண்றது?" இப்படிக் கேட்டா அவர் வந்து ஆஃப்செட்ட தட்டிட்டுப் போயிடுவார், உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அவருக்கும் வேலை, ப்ரொடக்ஷன் கவுன்ட் ஓடிட்டு இருக்கு, தப்பு சொல்ல முடியாது.

இப்படிக் கேட்டுப் பாருங்க: "அண்ணா, 30 எம்எம் வெளி விட்டம், அஞ்சு பீஸுக்கு ஒரு தடவ அளக்குறேன், ஆறின பிறகுதான் அளந்தேன், 29.990, 29.994, 29.998ன்னு ஏறிட்டே வருது, நான் இன்னும் ஆஃப்செட் தொடல, இன்சர்ட் போயிருச்சோன்னு தோணுது, நீங்க ஒரு தடவ பாக்குறீங்களா?" இப்ப அவர் நிப்பார், நோட்ட வாங்கிப் பார்ப்பார், இன்சர்ட்ட கழட்டி லென்ஸ்ல பார்ப்பார், "முனை நல்லாருக்கு தம்பி, டூல் ஹோல்டர் போல்ட் லூஸா இருக்கு பாரு"ன்னு எங்க கை வைக்கணுமோ அங்க வச்சுக் காட்டுவார். உங்க யூகம் தப்பா இருந்தா இன்னும் நல்லது, ஏன் தப்புன்னு சொல்ற சாக்குல அவர் பத்து வருஷம் பாத்தது வெளிய வரும்.

நேரம் பாத்துக் கேளுங்க. செட்டிங் நடக்கும்போதும், ஃபர்ஸ்ட் பீஸ் க்யூசிக்குப் போயிருக்கும்போதும் குறுக்க பேசாதீங்க. டீ டைம், ஷிப்ட் முடிஞ்சு கை கழுவுற நேரம், மெஷின் நீளமான சைக்கிள்ல ஓடிட்டு இருக்கிற நேரம், இதெல்லாம் நல்ல நேரம். அவர் மெஷின் பக்கத்துல போய் நின்னதும் திடீர்னு ஃபீட் ஓவர்ரைட (டூல் நகர்ற வேகத்த கூட்டிக் குறைக்கிற குமிழ்) கொஞ்சம் குறைக்கிறத பாத்தா உடனே இல்லன்னாலும் அப்புறமா மறக்காம கேளுங்க, "அப்ப எதுக்கு அண்ணா குறைச்சீங்க, சத்தம் மாறுச்சா, சிப் மாறுச்சா?" அவருக்கே தான் என்னத்த கேட்டுக் குறைச்சோம்னு யோசிச்சுதான் சொல்ல வேண்டி இருக்கும். கீச்சுனு வந்தா அதிர்வு, போரிங் பார் நிறைய வெளிய நீட்டிருக்கா பாரு, ஸ்டீல் பார்னா விட்டத்துல நாலு மடங்குக்கு மேல போனாலே வம்புன்னு இப்படித்தான் ஒவ்வொண்ணா கிடைக்கும். அவர் சொன்னத அன்னிக்கே நோட்டுல ஏத்திடுங்க, காரணத்தையும் சேத்து. பார் நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்காகும்ங்கற கணக்கு பக்கத்துல இருந்தா நாளைக்கு வேற ஜாப்ல நீங்களே முடிவெடுக்கலாம்.

இன்சர்ட் நம்பர படிக்கவும் இப்படிக் கேட்டே பழகலாம். சிஎன்எம்ஜி 120408ன்னா கடைசில இருக்கிற 08 முனை ரேடியஸ் 0.8 எம்எம். ஸ்டோர்ல ஸ்டாக் இல்லன்னு 04 குடுத்து நீங்களும் மாட்டிட்டீங்கன்னா அதே ஃபீட்ல ஃபினிஷ் கரடுமுரடாத்தான் வரும், ஏன்னா டூல் விட்டுட்டுப் போற கோட்டோட ஆழம் ஃபீட்டோட ஸ்கொயர எட்டு மடங்கு ரேடியஸால வகுத்தா வர்றது. ஃபீட் 0.2, ரேடியஸ் 0.8னா கணக்குல 6 மைக்ரான் சொச்சம், ரேடியஸ் 0.4 ஆனா 12க்கு மேல.

மெஷின்ல முதல் தடவ கை வைக்கும்போது

செட்டர் பக்கத்துல நிக்காம புது ப்ரோகிராம் ஓட்டாதீங்க. சிங்கிள் பிளாக் (ப்ரோகிராம ஒவ்வொரு வரியா ஓட்டுறது) ஆன், ரேப்பிட் ஓவர்ரைட் 25 பர்சென்ட், ஒரு கை ஃபீட் ஹோல்ட் மேல, கண்ணு ஸ்க்ரீன்ல டிஸ்டன்ஸ் டு கோ (டூல் இன்னும் போக வேண்டிய தூரம்) பாக்கணும், டூல் ஜாப் கிட்ட வந்து நிக்கிற தூரமும் அந்த நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு அடுத்த ஸ்டார்ட். ஜி 96 (வெட்டுற வேகம் மாறாம இருக்க ஆர்பிஎம்ம மாத்துற கோட்) இருக்கிற ப்ரோகிராம்ல ஜி 50ல ஸ்பீட் லிமிட் போட்டிருக்கான்னு பாருங்க, ஃபேசிங் பண்ணிட்டு சென்டர் நோக்கிப் போகப் போக ஆர்பிஎம் ஏறிட்டே போகும், லிமிட் இல்லன்னா மெஷினோட உச்ச ஸ்பீடுக்கே போயிடும், பெரிய சக்கோ சமநிலை இல்லாத ஜாப்போ இருந்தா அது உயிர் விஷயம்.

ஃபேனக் (மெஷின் கன்ட்ரோல் தயாரிக்கிற கம்பெனி) கன்ட்ரோல்ல ஆஃப்செட் அடிக்கும்போது இன்புட் வேற ப்ளஸ் இன்புட் வேற. இன்புட் அடிச்சா இருந்த நம்பர் போய் புது நம்பர் உக்காரும், ப்ளஸ் இன்புட் அடிச்சா இருந்ததோட கூடும். பாயின்ட் வைக்காம நம்பர் அடிச்சா மெஷின் செட்டிங்க பொறுத்து அது மைக்ரானாவும் எடுத்துக்கும், எம்எம்மாவும் எடுத்துக்கும். அதனால எப்பவும் பாயின்ட் வச்சு அடிங்க, அடிச்சத வாய்விட்டு ஒரு தடவ படிங்க, "எக்ஸ் மைனஸ் பாயின்ட் ஜீரோ ஒண்ணு"ன்னு. பக்கத்துல இருக்கிற சீனியர் காதுல விழட்டும்னுதான், தப்புன்னா அவரே குரல் குடுப்பார்.

எழுதாம போன விஷயம் என்ன விலை வாங்கும்

நான் பாத்த ஒரு ஷாப்புல மெல்லிசான ஒரு ரிங் ஜாப் ஓடிட்டு இருந்துச்சு, போர் ஃபினிஷ். வருஷக்கணக்கா ஒரே செட்டர்தான். அவர் லீவுல ஊருக்குப் போன வாரம் வேற ஒருத்தர் அதே செட்டப் ஷீட்ட வச்சு அதே ப்ரோகிராம்ல ஓட்டினார், போர் கேஜ்ல எல்லா பீஸும் ஓகே, க்யூசில ரவுண்ட்னஸ் மெஷின்ல வச்சா அத்தனையும் ரிஜெக்ட். ரெண்டு நாள் மண்டைய உடைச்சாங்க. விஷயம் என்னன்னா, சக்கோட மூணு ஜா (தாடை) பிடிக்கிற அழுத்தத்துல ரிங் உள்ளுக்குள்ள வளைஞ்சிருக்கு, வளைஞ்ச நிலையில வட்டமா போர் பண்ணி ஜாவ விட்டதும் ரிங் பழையபடி விரியுது, போர் மூணு பக்கம் புடைச்ச மாதிரி ஆகிடுது. ரெண்டு புள்ளில தொட்டு அளக்குற கேஜ் இத பிடிக்காது, எந்தப் பக்கம் வச்சாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும். பழைய செட்டர் ரஃபிங் முடிஞ்சதும் மெஷின நிறுத்தி ஹைட்ராலிக் பிரஷர குறைச்சு திரும்பப் பிடிச்சுட்டுதான் ஃபினிஷ் எடுத்துட்டு இருந்திருக்கார். அவருக்கு அது மூச்சு விடுற மாதிரி, யாரும் கேக்கல, அவரும் சொல்லல, ஷீட்டுல பிரஷர்னு ஒரு கட்டமே இல்ல.

அவர் மறைச்சார்னு சிலர் பேசினாங்க. எனக்கு அப்படித் தோணல. கேக்குறதுக்கு ஆளும் எழுதுறதுக்கு இடமும் இல்லாத எடத்துல எப்பேர்ப்பட்டவர்கிட்ட இருந்தும் விஷயம் வெளிய வராது. ஐஎஸ்ஓ 9001ல (தர மேலாண்மைக்கான உலகத் தரநிலை) 2015 பதிப்புல நிறுவனத்தோட அறிவ அடையாளம் கண்டு காப்பாத்தி வச்சுக்கணும்னு 7.1.6னு ஒரு பிரிவே வச்சிருக்காங்க, ஆடிட்டுக்கு அத ஒரு ஃபைல் ஆக்கி வச்சுட்டா போதும்னு நினைக்கிற கம்பெனிங்க இந்த மாதிரி ரிங்குலதான் அடி வாங்குது. நீங்க செய்ய முடியுறது ஒண்ணு இருக்கு: செட்டப் ஷீட்ட கையில வச்சுக்கிட்டு சீனியர் செட்டிங் பண்ணும்போது பக்கத்துல நில்லுங்க, ஷீட்டுல இல்லாத எத அவர் செஞ்சாலும் பென்சில்ல ஓரமா குறிங்க, அப்புறம் அவர்கிட்டயே காட்டி "இத ஷீட்டுல ஏத்திடலாமாண்ணா"ன்னு கேளுங்க. அவர் பேரையும் பக்கத்துல எழுதுங்க, அவருக்கு சேர வேண்டியது அது.

சொல்லவே மாட்டேன்னு இருக்கிறவங்களும் உண்டு. எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு கம்மி சம்பளத்துல இந்தப் பையன வச்சுக்கிட்டு என்ன அனுப்பிடுவாங்கன்னு பயம், அது காரணமில்லாத பயமும் இல்ல, அப்படி நடந்திருக்கு. அவங்கள நச்சரிக்காதீங்க. அவங்க வேலைல கூட நின்னு கை குடுங்க, ஜா மாத்துறது, சிப் அள்ளுறது, அடுத்த பீஸ் எடுத்து வைக்கிறது. கொஞ்ச நாள்ல வாய் திறக்கலன்னாலும் கை மறைக்காது.

இப்ப நம்ம ஷாப்புல பீகார், ஒடிசா பசங்க நிறைய பேர் இருக்காங்க, சில பேர் நம்மள விட சீனியர். பாஷை தெரியாதுன்னு ஒதுங்கினா ரெண்டு பேருக்கும் நஷ்டம். நல்ல பீஸ் ஒண்ணு, ரிஜெக்ட் பீஸ் ஒண்ணு ரெண்டையும் மேடைல வச்சு விரல்ல காட்டினாலே பாதி பேசி முடிஞ்சிடும், அளவு எல்லாருக்கும் ஒரே நம்பர்தான். படம் போட்ட ஒரு பக்க ஷீட் மெஷின்ல ஒட்டி வச்சா இன்னும் நல்லது.

போன் விஷயம் ரெண்டு வரி: கஸ்டமர் ட்ராயிங்க போட்டோ எடுத்து எந்த குரூப்லயும் போடாதீங்க, வேலையே போயிடும். வீடியோல பாத்த ஸ்பீட் ஃபீட்ட அப்படியே உங்க மெஷின்ல அடிக்காதீங்க, அவங்க மெஷின் வேற, மெட்டீரியல் வேற, கூலன்ட் வேற.

அப்ரண்டிஸா சேந்திருந்தா இதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்க பயிற்சியாளர், உங்க பயிற்சி எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு முதலாளி ரெக்கார்ட் வச்சிருக்கணும். ஒரே மெஷின்ல மாசக்கணக்கா லோடிங் அன்லோடிங் மட்டும் குடுத்தா மரியாதையா சூப்பர்வைசர்கிட்ட போய், "சார், அடுத்து செட்டிங்ல நிக்கலாமா, ரெக்கார்டுலயும் ஏறணும்ல"ன்னு கேக்கலாம், தப்பே இல்ல. சுவத்துல ஸ்கில் மேட்ரிக்ஸ் (யாருக்கு எந்த வேலை தெரியும்னு காட்டுற அட்டவணை) ஒட்டிருந்தா உங்க பேருக்கு நேரா எந்த கட்டம் காலியா இருக்குன்னு பாத்து அத காட்டியே கேளுங்க.

ஷிப்ட் மாத்தும்போது

ஒரு நாளைக்கு அதிகமா விஷயம் கைமாறுறதும், அதிகமா தொலையுறதும் இந்த பத்து நிமிஷத்துலதான். பஸ்ஸுக்கு ஓடாதீங்க. கடைசி பீஸோட அளவு, இன்சர்ட் மாத்தி எத்தன பீஸ் ஆச்சு, எந்த ஆஃப்செட் தொட்டீங்க, சத்தத்துல சிப்புல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா, மெட்டீரியல் புது ஹீட் (வேற உருக்குல வார்த்த லாட்) வந்துச்சா, இத லாக் புக்ல எழுதிட்டு, மெஷின் முன்னாடி நின்னு வாயாலயும் சொல்லுங்க, கடைசி பீஸ அவர் கையில குடுத்து அவரையே அளக்கச் சொல்லுங்க. "எல்லாம் ஓகே"ன்னு எழுதுறது எழுதாததுக்கு சமம்.

உங்களுக்கு அப்புறம் ஒருத்தர் வருவார்

சீக்கிரமே வருவார், ஆறு மாசத்துலயே நீங்க ஒருத்தருக்கு சொல்லிக் கொடுக்கிற எடத்துல நிப்பீங்க. இதுக்கு ஒரு நல்ல முறை ரொம்ப நாளா இருக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல ஃபேக்டரிக்குள்ள திடீர்னு வந்து குவிஞ்ச புது ஆளுங்களுக்கு வேலை கத்துக் கொடுக்க ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரின்னு ஒரு திட்டம் போட்டாங்க, போருக்கு அப்புறம் அது ஜப்பானுக்குப் போச்சு, டயோட்டா அத எடுத்து இன்னிக்கு வரைக்கும் தன் வேலை முறைக்குள்ள வச்சிருக்கு. அதுல சொல்றது நாலு கட்டம்: ஆள தயார் பண்ணு, செஞ்சு காட்டு, அவர செய்ய விடு, அப்புறம் போய்ப் போய்ப் பாரு.

நம்ம ஆளுங்க ரெண்டாவத மட்டும் வேகமா பண்ணிட்டு "பாத்துட்டல்ல, ஓட்டு"ன்னு போயிடுவாங்க. மூணாவதுலதான் விஷயமே இருக்கு. ரிங் ஜாப்பையே எடுத்துக்கோங்க. முதல்ல நீங்க ஒரு பீஸ் ஓட்டி என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது பீஸ்ல எந்த எடத்துல கவனம்னு சொல்லுங்க, "ஃபினிஷுக்கு முன்னாடி பிரஷர் குறைக்கணும்". மூணாவதுல ஏன்னு சொல்லுங்க, "இல்லன்னா ஜாவ விட்டதும் போர் வட்டம் போயிடும்". நாலாவது பீஸ அவர் ஓட்டட்டும், ஓட்டும்போது அவரே வாய்விட்டு ஏன்னு சொல்லட்டும், சொல்ல வரலன்னா அவருக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம், திட்டாம திரும்ப ஒரு தடவ நீங்க ஓட்டிக் காட்டுங்க. ரிஜெக்ட் ஆன ஒரு ரிங்க ஸ்கிராப் பின்ல இருந்து எடுத்து சிவப்பு பெயின்ட் அடிச்சு பக்கத்துலயே வச்சுக்கிட்டா இன்னும் சுலபம், க்யூசில சொல்லி ரவுண்ட்னஸ் கிராஃப் ஒண்ணு பிரிண்ட் வாங்கி அந்த மூணு புடைப்ப காட்டுங்க.

அப்புறம் முதல் பத்து பீஸுக்கு பக்கத்துல நில்லுங்க, கைய பின்னாடி கட்டிக்கிட்டு. அடுத்த நாள் ஷிப்ட் ஆரம்பத்துல ஒரு தடவ, சாப்பாட்டுக்கு அப்புறம் மெஷின் திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது ஒரு தடவ வந்து பாருங்க, அவர் நோட்ட வாங்கி நேரம் எழுதிருக்காரான்னு பாருங்க. சந்தேகம் வந்தா யார்கிட்ட போகணும்னு பேர் சொல்லிட்டுப் போங்க, நீங்க லீவுன்னா யார்கிட்டங்கறதையும் சேத்து.